இரவல் கதையா ‘வாட்ச்மென்’?

அடுத்தவர் கதையை எடுத்து நீட்டுவதில் என்ன இருக்கு? எச்பிஓவின் ‘வாட்ச்மென்’ (2019) தொடரைப் பாருங்கள்.

ஆலன் மூர் எழுதிய 1986-87 காமிக்ஸில், ‘ஹூடட் ஜஸ்டிஸ்’ என்ற முகமூடி வீரன் கழுத்தில் தூக்குக் கயிறோடு வருவான். ஏன்? காமிக்ஸ் சொல்லவே இல்லை. தொடர் அங்கேதான் கை வைக்கிறது.

1921-இல் அமெரிக்காவின் டல்சா நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவரைக் கொன்று குவித்தது நிஜச் சம்பவம். அதில் தப்பிய சிறுவன், தொடரில் போலீஸ் ஆகிறான். சக வெள்ளைப் போலீஸாரே முகத்தை மூடித் தூக்கில் மாட்டி, சாகும் முன் இறக்கிவிடுகிறார்கள். அந்த முகமூடி, அந்தக் கயிறு... வீரன் பிறந்தது இப்படித்தானாம்!

மூருக்கு இதில் சம்மதமில்லை; டைட்டிலில் அவர் பெயரும் இல்லை. ஆனா அவரது டாக்டர் மன்ஹாட்டனே, சார்ல்டன் காமிக்ஸின் கேப்டன் ஆட்டமை மாற்றி உருவானவர்தான்.