கரைந்தால்தான் உரம்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் காலை டீ. திருவளர்ச்சோலையில் வாழை போட்டிருக்கும் நண்பர் டம்ளரை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "யூரியா, டிஏபி, பொட்டாஷ்னு மூணு மூட்டை வாங்குறேன் சார். இதையெல்லாம் எதிலேர்ந்துதான் செய்றாங்க?"

பதில் அவர் டம்ளரிலேயே இருந்தது. சர்க்கரை கரைந்துவிட்டது, இஞ்சித் திப்பி அடியில் கிடந்தது. வேருக்குக் குடிக்கத்தான் தெரியும், மெல்லத் தெரியாது. மண்ணின் ஈரத்தில் கரைந்து வந்தால்தான் அதற்குச் சாப்பாடு. வேருக்கு எட்டாததைக் குடிக்கிற பதத்துக்குக் கொண்டுவருவதுதான் உரத் தொழிலின் வேலை.

முதலில் யூரியா. நாம் இழுக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக மூன்று பிணைப்பு போட்டுக் கட்டிப்பிடித்திருக்கின்றன; வாழையால் பிரிக்க முடியாது. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் அதைப் பிரித்து ஹைட்ரஜனோடு சேர்க்கும் வழியைக் காட்டினார். கார்ல் போஷ் 1913இல் அதை ஆலையாக்கினார். இரும்பு வினையூக்கி, 400 டிகிரிக்கு மேல் சூடு, காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் அழுத்தம். வெளியே வருவது அம்மோனியா.

ஹைட்ரஜனை எரிவாயுவிலிருந்தோ நாப்தாவிலிருந்தோ பிரிக்கும்போது கரியமில வாயுவும் வருகிறது. அதையே அம்மோனியாவோடு சேர்த்து அழுத்தினால் யூரியா. உருகிய யூரியாவை உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து பூமழை போலத் தூவுவார்கள். விழுகிற துளி கீழே சேர்வதற்குள் இறுகிவிடும். மூட்டைக்குள் உருளும் வெள்ளை மணி அதுதான். நம் மாநிலத்தில் மணலியிலும் தூத்துக்குடியிலும் இதற்கு ஆலைகள் உண்டு.

அடுத்தது மணிச்சத்து, பாஸ்பரஸ். இது பாறையில் இருக்கிறது. "நம்ம பக்கம் அந்தப் பாறை கிடையாதா?" என்றார். இருக்கிறது. ஊட்டத்தூர் பக்கம் முன்பு கடல் இருந்தது; அதன் களிமண்ணில் பாஸ்பேட் உருண்டைகள் புதைந்திருக்கின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் வார்த் என்ற புவியியலாளர், இருநூறடி ஆழம்வரை எண்பது லட்சம் டன் தேறும் என்று கணக்குப் போட்டார். ஆனால் களிமண்ணுக்குள் சிதறிக் கிடக்கிற உருண்டையைப் பொறுக்கி எடுப்பது லேசான வேலையா? போதாததற்கு அதில் சுண்ணாம்புக் கார்பனேட்டும் கலந்திருக்கிறது. அமிலம் ஊற்றினால் ஒரு பங்கை அதுவே குடித்துவிடும்.

அமிலம் எதற்கு? பாஸ்பேட் பாறையைச் சும்மா அரைத்துப் போட்டால் அது நம் இஞ்சித் திப்பிதான். கந்தக அமிலத்தில் பிசைந்தால் நீரில் கரையும் பாஸ்பேட்டும் ஜிப்சமும் ஆகிறது. இதுதான் சூப்பர் பாஸ்பேட். இந்தியாவில் இதை முதலில் செய்தது 1906இல், நம் ராணிப்பேட்டையில். அமிலத்தைக் கூட்டி, ஜிப்சத்தை வடித்துவிட்டால் பாஸ்பாரிக் அமிலம் கிடைக்கும். அதில் அம்மோனியாவைச் செலுத்தினால் டிஏபி. மூட்டையில் 18-46 என்று போட்டிருப்பது தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும்.

மூன்றாவது, சாம்பல்சத்து தரும் பொட்டாஷ். இதற்குப் பெரிய ரசாயனம் கிடையாது. பிறக்கும்போதே கரைகிற உப்பு. எப்போதோ வற்றிப்போன கடல்களின் படிவைக் கனடாவிலும் பெலாரஸிலும் சுரங்கம் தோண்டி எடுக்கிறார்கள். சாக்கடல் நீரை ஜோர்டானில் வெயிலில் காயவைத்து எடுக்கிறார்கள். சாப்பாட்டு உப்பைப் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது. சிவப்பு நிறம் இரும்புத் துருவின் சாயம். நமக்கு இது கப்பலில்தான் வருகிறது.

"வாழைக்கு எதுங்க முக்கியம்?"

தோட்டக்கால் வாழைக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுக் கணக்கு, மரத்துக்குத் தழை 110, மணி 35, சாம்பல் 330 கிராம். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். ஆக, 240 கிராம் யூரியா போதும். பொட்டாஷில் சாம்பல்சத்து 60 சதவீதம்; அது 550 கிராம் வேண்டும். டிஏபி போட்டால் அதில் வரும் தழையை யூரியாவில் கழித்துக்கொள்ளலாம். விலை மலிவென்று நாம் அள்ளிக் கொட்டுவதோ யூரியாவை.

நண்பர் சிரித்தார். "அதான் பச்சையா நிக்குது, தார் சிறுக்குது."

இன்னொன்றும் சொன்னேன். இவ்வளவு பாடுபட்டுக் கரைய வைத்ததே வினையாகவும் முடியும். யூரியா மண்ணில் அம்மோனியாவாகி, நுண்ணுயிர்களால் நைட்ரேட் ஆகிறது. நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது. தண்ணீர் போகும் வழியிலேயே அதுவும் போகும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மணல் கலந்த வண்டலில் கேட்க வேண்டுமா? அந்த நுண்ணுயிர்களைக் கொஞ்சம் மந்தப்படுத்தத்தான் யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சு. உள்நாட்டு யூரியா முழுவதற்கும் 2015இல் கட்டாயமாக்கினார்கள். தழையையும் சாம்பலையும் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் மாதம் என்று பிரித்துப் போடச் சொல்வதும் இதற்குத்தான்.

"ஒரே தடவையா போட்டா?"

"பாதி உங்க வாழைக்கு, பாதி கொள்ளிடத்துக்கு."

டம்ளரைக் கவிழ்த்துத் திப்பியைத் தட்டினார். "அப்ப இந்தத் தடவை யூரியாவுல ஒரு மூட்டையக் குறைச்சு, சிவப்புல ஒண்ணு கூட்டிக்கறேன்" என்றபடி வண்டியை எடுத்தார்.