முகவரியால் சான்றிதழ் தேடுதல்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் ஆலை, இயந்திர உறுப்பொன்றின் வரைபடத்தைத் திருவள்ளூரில் உள்ள பட்டறை ஒன்றுக்கு மின்னஞ்சலில் அனுப்ப விரும்புகிறது என்று கொள்வோம். வழியில் பிறர் அதனைப் படித்தலாகாது. ஆலையாரிடம் இருப்பதோ பட்டறைக்காரரின் மின்னஞ்சல் முகவரி ஒன்றே.

பூட்டுவதற்கு ஒரு திறவி, திறப்பதற்கு வேறொரு திறவி என்னும் முறையை டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் 1976-இல் வெளியிட்டனர். பூட்டும் திறவியை எவரும் அறியலாம். திறக்கும் திறவி உரியவரிடம் மட்டுமே இருக்கும். பூட்டும் திறவிகளைப் பொது ஏடு ஒன்றில் எழுதி வைக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அந்த ஏட்டில் ஒருவன் தன் திறவியைப் பிறர் பெயரில் எழுதிவிட்டால் என்ன செய்வது? 1978-இல் லோரன் கோன்ஃபெல்டர் என்ற மாணவர், எம்.ஐ.டி.யில் இளங்கலைப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேட்டில் இதற்கு வழி கண்டார். ‘இன்னாருக்கு உரிய திறவி இது’ என்று நம்பத்தக்க ஒருவர் ஒப்பமிட்டுத் தருவதே சான்றிதழ். இளங்கலை மாணவர் ஒருவரின் எண்ணம் இது என்பதை நீங்கள் நினைவில் வைத்தல் நலம். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்கு இடமளித்தது. உரிமம் பெற்ற நிறுவனங்களே அச்சட்டப்படி சான்றிதழ் வழங்கலாம். 2002-இல் முதலாவதாக உரிமம் பெற்றது சேஃப்ஸ்கிரிப்ட் என்ற நிறுவனம்.

இனி, நிரல் எழுதுவோர் செய்ய வேண்டியது யாது? கணினியின் சான்றிதழ்ப் பெட்டகத்திலோ, நிறுவனத்தின் அடைவிலோ முகவரியைக் கொடுத்துத் தேடலாம். அதற்கு ஓரிரு வரிகளே போதும். தொல்லை அதன் பின்னரே தொடங்குகிறது. முகவரி சில சான்றிதழ்களில் உரியவர் பெயரோடு சேர்ந்திருக்கும். சிலவற்றில் மாற்றுப் பெயருக்குரிய தனிப் பகுதியில் இருக்கும். இரண்டையும் பார்த்தல் வேண்டும். மேலும், டாட்நெட் நிரலகத்தில் உரியவர் பெயரால் தேடும் முறை, எழுத்துத் தொடர் எங்கேனும் அமைந்திருந்தாலும் பொருந்தியதாகவே கொள்ளும். மணி என்பவரின் முகவரியைத் தேடினால், அதே நிறுவனத்தின் சுப்பிரமணியும் வந்து நிற்பார்! வருகைப் பதிவேட்டைப் படித்த எந்த ஆசிரியரும் இத்தவற்றைச் செய்யார். ஆகவே முழு முகவரியும் ஒன்றாக உள்ளதா என்று நிரல் மீண்டும் ஒப்பிட வேண்டும்.

ஒரே முகவரிக்குப் பல சான்றிதழ்கள் கிடைப்பதும் உண்டு. ஒன்று காலாவதியாகியிருக்கும், மற்றொன்று கையொப்பமிடுவதற்கு மட்டும் உரியதாக இருக்கும். நம் நாட்டில் கையொப்பத்துக்கும் மறைத்து அனுப்புவதற்கும் தனித்தனிச் சான்றிதழ்கள் தருகிறார்கள். பழைய சான்றிதழைக் கொண்டு பூட்டினால், அதற்குரிய டோக்கனைத் தொலைத்துவிட்ட பட்டறைக்காரர் வரைபடத்தைத் திறக்கவே முடியாது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. எவரும் தம் கணினியிலேயே, எந்த முகவரியையும் இட்டு, தாமே ஒப்பமிட்ட சான்றிதழ் ஒன்றை ஆக்கிவிடலாம். முகவரி பொருந்துகிறது என்று அதனைக் கொண்டு பூட்டினால், வரைபடத்தைத் திறக்கும் திறவி வஞ்சகன் கையில் இருக்கும். ஆதலின் ஒப்பமிட்டவர் யார், அவருக்கு ஒப்பமளித்தவர் யார் என்று படிப்படியாக இந்திய மூலச் சான்றளிப்பு அமைப்பு வரை நிரல் சென்று பார்த்தல் வேண்டும். சான்றிதழ் இடையில் நீக்கப்பட்டதா என்பதை, வழங்கிய நிறுவனம் வெளியிடும் நீக்கப் பட்டியலில் காணலாம்.

தேடியும் கிடைக்கவில்லையாயின், பட்டறைக்காரரை டிஜிட்டல் கையொப்பமிட்ட மின்னஞ்சல் ஒன்றை அனுப்பச் சொல்லலாம். அவருடைய சான்றிதழ் பெரும்பாலும் அதனோடு சேர்ந்தே வரும். மேற்சொன்ன சோதனைகள் அதற்கும் உண்டு.