பைக்கில் மாட்டிய ஜிபிஎஸ்: மழைக்கு ஒரு கவர் போட்டால் போதுமா?

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜிஎஸ்டி சாலையை விட்டுப் பிரிந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் தினமும் பைக் ஓட்டுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். தூறல் விழுந்தால் ரெயின்கோட்டை எடுப்பதற்கு முன்பே பலர் தேடுவது, போனை மூட ஒரு கவரைத்தான். நாம நனைஞ்சா துவட்டிக்கலாம். போன் நனைஞ்சா?

ஒரகடம், மறைமலை நகர், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி என ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள், சாப்பாடும் பார்சலும் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், வாடகைக்கு வீடு தேடி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் தெருத் தெருவாகச் சுற்றுகிறவர்கள் என எல்லோருக்கும் ஹேண்டில்பாரில் மாட்டிய போன்தான் வழிகாட்டி. அதே போனில்தான் யுபிஐ, ஓடிபி, அடுத்த ஆர்டர், மேனேஜர் அழைப்பு எல்லாமே. டெலிவரி வேலையில் இருப்பவருக்கு போன் செத்துப்போனால் அன்றைய வருமானமும் அதோடு போச்சு.

சென்னைக்கும் அதன் தெற்குப் புறநகருக்கும் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பதிவானது. அப்படிப்பட்ட நாளில் பைக்கையே வெளியே எடுக்கக் கூடாது, போனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. தினசரிப் பிரச்சினை வேறு: ஆபீஸ் விடும் நேரத்தில் திடீரென்று பிடித்து, அரை மணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டுப் போகும் மழை.

காருக்குச் செய்தது பைக்கில் ஏன் தாங்காது?

போன் வருவதற்கு முன்பு வழிகாட்ட என்றே தனிக் கருவிகள் இருந்தன. கார்மின், மேப்மைஇந்தியா போன்ற நிறுவனங்களின் நேவிகேட்டர்கள் அப்போது பல கார்களின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. இன்று அவற்றில் பல வீட்டு டிராயரில் தூங்குகின்றன. சிலர் அதைத் தூசி தட்டி பைக்கில் மாட்டுகிறார்கள். யோசனை மோசமில்லை. மேப் முழுவதும் கருவிக்குள்ளேயே இருப்பதால் டேட்டா வேண்டாம், போனுக்கும் ஆபத்தில்லை.

ஆனால் அது கண்ணாடிக்குப் பின்னால் உட்காரச் செய்யப்பட்ட கருவி. ஸ்பீக்கர் துளை, மெமரி கார்டு இடுக்கு, சார்ஜர் துளை என்று தண்ணீர் நுழைய அதற்கு ஏகப்பட்ட வாசல்கள். இதனால்தான் கார்மின் நிறுவனமே பைக்குக்கு ‘ஜூமோ’ என்ற வரிசையைத் தனியாக விற்கிறது. அதில் நீர் புகாத அடைப்பு உண்டு, கையுறையோடு தொடுவதற்கு ஏற்ற திரை உண்டு, விலையும் அதற்கேற்ப உண்டு. கார் கருவியை பைக்கில் வைக்கிறீர்கள் என்றால் மழையில் அதை மூடாமல் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது.

‘என் போன் வாட்டர்ப்ரூஃப்’

போன் விஷயத்தில் பலர் நம்பி ஏமாறுவது பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஐபி எண்ணை. ஐபி 67, ஐபி 68 என்று இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் உள்ளே நீர் புகுந்து கெடுக்கக் கூடாது. 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை, அதன் ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த இரண்டு சோதனையும் அசையாத சுத்தமான தண்ணீரில் மூழ்கவைத்துச் செய்வது. பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்குச் சோதனை தனி, அதற்கு எண் 5. பென்சில் கனத்தைவிடக் குறைந்த ஒரு குழாய் வாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வேகத்தில் அடிப்பார்கள். மூழ்கலில் பாஸ் ஆன கருவி பீய்ச்சலிலும் பாஸ் ஆகும் என்று அந்தத் தர விதி சொல்லவில்லை. இரண்டும் வேண்டுமானால் இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து இரண்டு எண்ணையும் போட வேண்டும்.

இன்னொன்று, அந்த அடைப்பு காலத்துக்கும் நிற்காது. நாளாக ஆகப் பலவீனமாகும் என்று போன் நிறுவனங்களே சொல்கின்றன. தண்ணீரால் வரும் பழுது பெரும்பாலும் வாரன்டியிலும் வராது. ஒருமுறை கீழே விழுந்து ஓரத்தில் விரிசல் விட்ட போனுக்கு ஐபி எண் வெறும் எண்தான்.

மழை மேலிருந்து வருவதில்லை

நின்றுகொண்டிருப்பவருக்கு மழை மேலிருந்து விழுகிறது. பைக்கில் போகிறவருக்கு? பெரிய மழைத்துளி நொடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழும். 60 கி.மீ. வேகத்தில் போகும் பைக் அதே நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் முன்னே போகிறது. ஆக, ஓட்டுபவரைப் பொறுத்தவரை மழை மேலிருந்து வருவதைவிட எதிரிலிருந்துதான் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வருகிறது. ஹோல்டரில் இருக்கும் போனின் திரை உங்களைப் பார்க்கிறது, முதுகு மழையைப் பார்க்கிறது. கேமரா வளையம், பட்டன் ஓரம் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான்.

கீழிருந்தும் வரும். முன்சக்கரம் தூக்கியடிக்கும் தண்ணீர், பக்கத்தில் போகும் கண்டெய்னர் லாரி இறைக்கும் சேறு இரண்டும் போனின் அடிப்பக்கத்தைத் தாக்குகின்றன. சார்ஜர் துளை இருப்பது அங்கேதான்! பல கவர்களில் கீழே வயர் நுழைக்க ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். கடையில் வாங்கும்போது மேல் ஜிப்பை நாலு தடவை இழுத்துப் பார்ப்பவர்கள் இந்த ஓட்டையைக் கவனிப்பதில்லை. மழை பிடித்ததும் வயரை உருவிவிட்டு அந்த ஓட்டையை அடைப்பதுதான் நல்லது. ஈரமான சார்ஜர் துளையில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகப் பற்கள் அரித்துப்போகும். மழையில் போன் சாவதற்கு முன்பு பெரும்பாலும் சாவது இந்தத் துளைதான்.

கவருக்குள் பூக்கும் ஈரம்

சரி, ஓட்டையே இல்லாத ஜிப்லாக் கவரில் போட்டாச்சு. அப்புறமும் கால் மணி நேரத்தில் உள்பக்கம் பனி படர்ந்து மேப் தெரியவில்லையே, ஏன்?

மழைக்கு முந்தைய சென்னைக் காற்றில் ஈரம் கொழகொழவென்று இருக்கும். அந்தக் காற்றோடு சேர்த்துத்தான் கவரை மூடுகிறோம். வெளியே மழை பட்டு பிளாஸ்டிக் குளிர்கிறது, உள்ளே போன் சூடாக இருக்கிறது. உள்ளிருக்கும் ஈரம் குளிர்ந்த பிளாஸ்டிக்கில் துளியாகப் படிகிறது. தண்ணீர் வெளியிலிருந்து புகவில்லை, நாமே உள்ளே வைத்துப் பூட்டியதுதான்.

இதற்கு வழி எளிது. கவரைப் பார்க்கிங்கில் மூடாதீர்கள், ஏசி ஓடும் ஆபீஸ் அறையிலேயே மூடிவிடுங்கள். ஏசி அறைக் காற்றில் ஈரம் குறைவு. குளிர்ந்த போன் வெளியே வந்ததும் அதன் மேலேயே வியர்ப்பதும் இதனால் தவிரும். செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றையும் உள்ளே போட்டு, முடிந்த அளவு காற்றை வெளியேற்றி மூடினால் வீடு போய்ச் சேரும்வரை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அந்தப் பாக்கெட்டை மாதக்கணக்கில் வைத்திருந்தால் பயன் இல்லை, அது ஏற்கெனவே வேண்டிய ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும்.

காற்றை வெளியேற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன் திரை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, விரல் தொடும்போது மின்புலத்தில் வரும் மாற்றத்தைப் பார்க்கிறது. பிளாஸ்டிக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் அதன் வழியாகவும் தொடுவது தெரியும், இடையில் காற்று உப்பியிருந்தால் தெரியாது. தண்ணீரும் இதே மின்புலத்தைக் கலைக்கும். மழையில் போன் தானாகவே மேப்பைப் பெரிதாக்குவதும், யாருக்கோ கால் போடுவதும் இந்தக் கூத்துதான்.

மழை விட்டு வெயில் வந்தால் கவரைக் கழற்றிவிடுங்கள். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற வெப்பநிலை 35 டிகிரி வரை என்கிறது ஆப்பிள். காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக்குக்குள், முழு வெளிச்சத்தில், மேப்பும் சார்ஜும் ஓடினால் அந்த எல்லையைச் சீக்கிரமே தாண்டும். அதிர்வும் ஆகாது. சக்தி வாய்ந்த பைக் என்ஜின்களின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-லேயே அதே நிறுவனம் எச்சரித்தது. நல்ல கேமரா உள்ள போன் என்றால் ரப்பர் வைத்த ஹோல்டராக வாங்குவது நல்லது.

மழையில் சிக்னல் போகுமா?

கவர் போட்டால் ஜிபிஎஸ் சிக்னல் குறையும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. குறையாது. 20,000 கி.மீ.க்கு மேல் உயரத்திலிருந்து வரும் அந்த அலையின் நீளம் சுமார் 19 செ.மீ. மழைத்துளி சில மில்லிமீட்டர்தான், பிளாஸ்டிக் கவர் அதைவிட அற்பம். இரண்டும் அந்த அலைக்குப் பெரிய தடையே இல்லை.

அப்புறம் ஏன் மழையில் மேப் நின்றுபோகிறது? போகிறது ஜிபிஎஸ் இல்லை, டேட்டா. கரன்ட் போய் டவர் படுத்துவிட்டால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது போனுக்குத் தெரியும், சுற்றி என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை, ஒரகடம் பக்கத்தையும் சேர்த்து, கூகுள் மேப்ஸில் ஆஃப்லைனாக இறக்கி வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி தீரும். நெரிசல் நிலவரம் மட்டும் ஆஃப்லைனில் வராது. எந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்பதை ஆன்லைனிலும் நம்பாதீர்கள். 2015 வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூர், வரதராஜபுரம் மாதிரியான பகுதிகளுக்குள் மழை நேரத்தில் குறுக்குவழி காட்டினால், போன் சொல்வதைவிட டீக்கடையில் நிற்பவர் சொல்வதைக் கேட்பது மேல்.

போனை உள்ளே வைத்துவிட்டு ஓட்ட முடியாதா?

முடியும். உண்மையில் கனமழைக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை. ராயல் என்ஃபீல்டு 2020 நவம்பரில் மீட்டியோர் 350-ஐ வெளியிட்டபோது ‘டிரிப்பர்’ என்ற சின்ன வட்டத் திரையையும் கொண்டு வந்தது. (அந்த நிறுவனத்தின் ஒரகடம் ஆலை நம்ம சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் போனால் தொட்டுவிடும் தூரம்தான்.) போன் ரெயின்கோட்டுக்குள் பாக்கெட்டில் இருக்கும், ப்ளூடூத் வழியாக வெளித் திரையில் அம்புக்குறி மட்டும் வரும். எங்கே திரும்ப வேண்டும், எவ்வளவு தூரத்தில் என்பது போதும். நனைவது வண்டியின் பாகம், அது நனையவே செய்யப்பட்டது. சென்னையில் தலைமையகம் உள்ள டிவிஎஸ் இந்த வசதியை 2018-லேயே என்டார்க் ஸ்கூட்டரில் கொடுத்துவிட்டது. உங்கள் வண்டியில் இது இருந்தும் ஆப்பை இணைக்காமலே விட்டிருந்தால், ஐநூறு ரூபாய் கவர் வாங்குவதற்கு முன் அதை ஒருமுறை முயன்று பாருங்கள்.

அந்த வசதி இல்லாத வண்டியா? கிளம்பும் முன்பே வழியை ஒருமுறை பார்த்து, மூன்று நான்கு திருப்பங்களை மனதில் வைத்துக்கொள்வது பழைய முறை. மழை வலுத்தால் பெட்ரோல் பங்க் கூரையிலோ கடை ஓரத்திலோ நிறுத்தி, போனை எடுத்துப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பலாம். இரண்டு நிமிடம் தாமதம். ஓடும் வண்டியில் கட்டைவிரலால் திரையைத் துடைத்துக்கொண்டு மேப் பார்ப்பது அதைவிட விலை கூடியது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாதபடி, போனைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. மற்றபடி ஓட்டும்போது போனைப் பயன்படுத்தினால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். ஜிஎஸ்டி சாலையில் பின்னால் லாரி வரும்போது, அபராதம் அவ்வளவு பெரிய விஷயமும் இல்லை.

நனைஞ்சே போச்சு, இப்போ?

முதலில் சார்ஜில் போடாதீர்கள். ‘ஈரம் இருக்கிறது’ என்று போன் எச்சரிக்கை காட்டினால் அதைத் தள்ளிவிட்டு வயரைச் செருகுவதுதான் பலர் செய்யும் தவறு. துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். பிறகு காற்றோட்டமான இடத்தில் குறைந்தது அரை மணி நேரம் வையுங்கள். அப்போதும் எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் வரை பொறுக்க வேண்டியிருக்கும். போன் அணைந்தே போயிருந்தால் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்க்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள்.

அரிசிப் பானைக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கலாம் என்று ஆப்பிள் தனது உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஹேர் டிரையர், துளைக்குள் விடும் பஞ்சுக் குச்சி இரண்டுக்கும் அங்கே ‘வேண்டாம்’ பட்டியலில்தான் இடம். கவரையும் அப்படியே மடித்து டேங்க் கவரில் திணிக்காமல் உள்பக்கத்தைத் திருப்பிக் காயவையுங்கள். நாளைக்கும் சாயந்திரம் மழை இருக்கு.