டப்பாவை நம்பாதீங்க பாஸ்!

ஏலாக்குறிச்சின்னா வீரமாமுனிவரும் அடைக்கல மாதா கோயிலும்தான் ஞாபகம் வரும். 'எ', 'ஏ' குழப்பத்தைத் தீர்த்தவர் அவர். ஒரு சின்னக் கோடு மாறினா எழுத்தே மாறிடும். லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு வைஃபை கார்டு வாங்கறதும் அதே கதைதான்!

டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் யு.எஸ்.பி. அடாப்டரையே எடுத்துக்குங்க. முதல் வெர்ஷனில் அதெரோஸ் ஏஆர்9271 சிப். லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் உண்டு. செருகினா வேலை முடிஞ்சது. இரண்டாவது வெர்ஷனில் மாடல் பேர் அதே, உள்ளே ரியல்டெக் சிப்! பழைய லினக்ஸா இருந்தா டிரைவர் தேடி, கம்பைல் பண்ணி... நாக்கு தள்ளிடும்.

ஏன் இப்படி? சிப் கம்பெனி ஒத்துழைச்சாதான் டிரைவர். அதெரோஸ் 2008-லயே 'ஏத்9கே' டிரைவரைத் திறந்து கொடுத்தது. பிராட்காம் 2010-ல்தான் இறங்கி வந்தது. அதுவரை விண்டோஸ் டிரைவரையே 'என்டிஐஎஸ்ராப்பர்' வெச்சு ஓட்டிச் சமாளிச்சாங்க நம்ம சீனியர்ஸ்.

நீங்க என்ன பண்ணணும்? வாங்கறதுக்கு முன்னாடி வெர்ஷன் நம்பரைக் கேளுங்க. முடிஞ்சா கடையிலேயே லைவ் பென் டிரைவில் லினக்ஸை பூட் பண்ணி, அடாப்டரைச் செருகி, டெர்மினலில் 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளை கொடுங்க. சிப் பேர் தெரிஞ்சிடும். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கிட்டீங்களா? ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. டெதரிங்கில் இணைச்சு டிரைவரை இறக்கிக்கலாம்.

அரியலூருக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறிப் போய் வாங்கின கார்டு. திருப்பிக் கொடுக்க இன்னொரு தடவை பஸ் ஏறினா, காலியாகறது உங்க பாக்கெட் மணிதான் பாஸ்!