தாசில்தார் பாடிய கணக்கு

ஹைதராபாத்துக்கு வரும் நம்மூர்க்காரர்கள் சார்மினாரைப் பார்த்து, இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும் முடித்துக்கொண்டு கோல்கொண்டா கோட்டைக்குப் போவார்கள். அங்கே ஓர் இருட்டறையைக் காட்டி, "இதுதான் ராமதாசர் சிறை" என்பார் வழிகாட்டி. சுவரில் ராமர், லட்சுமணர், அனுமார் உருவங்கள் செதுக்கியிருக்கும். கும்பகோணத்து பஜனை மடத்தில் பாடப்படுகிற ராமதாசருக்கு சுல்தான் கோட்டையில் என்ன வேலை? கொஞ்சம் நீளமான கதை. இன்னொரு சாய்க்குச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

இயற்பெயர் கஞ்சர்ல கோபண்ணா. 17ஆம் நூற்றாண்டு. சொந்த ஊர் நேலகொண்டபல்லி, இன்றைய கம்மம் மாவட்டம். அப்போது கோல்கொண்டாவை ஆண்டவர் அபுல் ஹசன் குதுப் ஷா; தானா ஷா என்றால் எல்லோருக்கும் தெரியும். 1672இல் பட்டத்துக்கு வந்தார். நிர்வாகம் மாதண்ணா, அக்கண்ணா என்ற தெலுங்கு பிராமணச் சகோதரர்கள் கையில் இருந்தது. இவர்கள் கோபண்ணாவுக்கு மாமன்மார். அந்தச் செல்வாக்கில் பால்வஞ்சா பகுதிக்கு அவர் தாசில்தார் ஆனார் என்பது வழிவழிச் செய்தி.

கோதாவரிக் கரையிலுள்ள பத்ராசலம் அந்தப் பகுதியில்தான் இருந்தது. வசூலான வரிப்பணத்தில் அங்கே ராமருக்குக் கோயில் எழுப்பி நகைகளும் செய்து போட்டார் கோபண்ணா. பக்தர்களுக்கு இது திருப்பணி, கஜானாவுக்குக் கையாடல். சிறை வைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் என்கிறது மரபு. ராமரும் லட்சுமணரும் இரவில் வந்து ஆறு லட்சம் பொன்னைச் சுல்தானிடம் எண்ணிக் கொடுத்து, ரசீதும் வாங்கிக்கொண்டு போனார்கள் என்பது பக்தர்கள் சொல்லும் முடிவு. வரலாற்றின் முடிவு வேறு: 1687இல் ஔரங்கசீப்பின் படை கோல்கொண்டாவைப் பிடித்தது, தானா ஷாவே கைதியானார். அவர் தொடங்கிவைத்ததாகச் சொல்லும் வழக்கப்படி, பத்ராசலத்தின் ராமநவமிக் கல்யாணத்துக்கு அரசின் சார்பில் முத்துகள் போவது இன்றும் தொடர்கிறது.

இனி பாட்டுக்கு வருவோம். கோபண்ணா கணக்கு எழுதிப் பழகிய கை. அது பாட்டிலும் தெரியும். 'இக்ஷ்வாகு குல திலகா'வை எடுத்துக்கொள்ளுங்கள். பரதனுக்குப் பச்சைப் பதக்கம், அதற்குப் பத்தாயிரம் வராகன். லட்சுமணனுக்கு முத்துப் பதக்கம், சீதைக்கு இன்னொரு பதக்கம் என்று சரணத்துக்குச் சரணம் செலவுப் பட்டியல் நீளும். நீ மினுக்கிக்கொண்டு திரிகிறாயே, இதெல்லாம் உன் அப்பா தசரதன் கொடுத்ததா, மாமனார் ஜனகன் அனுப்பியதா என்று ராமனிடமே கேட்பார். பிறகு, அடி பொறுக்காமல் திட்டிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்று இறங்கி வருவார். திட்டுவதுபோல் துதிக்கும் நிந்தாஸ்துதி பாடியவர்கள் பலர் உண்டு. தணிக்கைக்காரர் முன்னால் செலவை ஒப்பிப்பதுபோல ஸ்வாமியைத் திட்டியவர் இவர்தான்.

இந்தப் பாட்டு எப்படித் தஞ்சைச் சீமைக்கு வந்தது? அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். சின்னப் பல்லவி, பிறகு ஒரே மெட்டில் வரிசையாகப் பல சரணங்கள், எளிய தாளம். தியாகராஜரின் பெரிய கிருதிகளைப்போல அடுக்கடுக்கான சங்கதிகள் தேவையில்லை. ஒருவர் எடுத்துக்கொடுக்க, பத்துப் பேர் திருப்பிப் பாடலாம். சங்கீதம் படிக்காதவரும் இரண்டாம் சரணத்தில் சேர்ந்துகொள்வார். மருதாநல்லூர் ஸத்குரு ஸ்வாமிகள் வகுத்த தென்னாட்டு பஜனை முறையில் ராமதாசர் பாடல்களுக்கு நிலையான இடம் கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை. தியாகராஜரும் 'க்ஷீரஸாகர சயன' கிருதியில் ராமதாசரின் சிறை நீங்கியதைச் சொல்லி, அப்படியே என்னையும் காப்பாற்று என்று கேட்கிறார்.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ராமதாசர் காலத்து ஸ்வரக்குறிப்பு நம்மிடம் இல்லை. சாகித்தியம் அவருடையது, மெட்டு, பாடிப் பாடி வந்தது. 'பலுகே பங்காரமாயெனா' என்றதும் நமக்கு ஆனந்தபைரவி கேட்கிறதே, அதில் பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்குப் பெரிய பங்குண்டு. பலபேர் வாயில் புழங்கத் தோதான பாட்டு என்பதால்தான் மெட்டு மாறினாலும் பாட்டு அழியவில்லை.

ஆகவே ராமதாசரை முழுசாகக் கேட்க பஜனை மடமே தோது. கச்சேரியில் நேரம் பார்த்துச் சரணங்களைக் குறைப்பார்கள். மற்ற பாட்டுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. 'இக்ஷ்வாகு'வில் முடிவுச் சரணங்களை விட்டால், மன்னிப்பு போய்த் திட்டு மட்டும்தான் மிஞ்சும்.