சர்க்கரை தின்னும் இடங்கள்

புற்றுநோய்தான் என்று உறுதியானதும் வீட்டிலுள்ளவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வேற எங்கயும் பரவியிருக்கா டாக்டர்?" என்பதுதான். அறுவை சிகிச்சையா, கீமோவா, இரண்டுமா என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது. அதற்காகத்தான் பெட் சிடி ஸ்கேனுக்கு எழுதித் தருகிறார்கள். பிறகு கைக்கு வரும் படத்தில் ஆங்காங்கே சில புள்ளிகள் ஒளிர்கின்றன. பார்த்த மாத்திரத்தில் பலருக்கு ஈரக்குலை நடுங்கிவிடுகிறது. மருத்துவரைப் பார்க்கும்வரை தூக்கமில்லை. அந்தப் படம் எதைக் காட்டுகிறது என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்தத் தவிப்பு கொஞ்சமாவது குறைந்திருக்கும்.

பெட் ஸ்கேன் புற்றுநோயைப் படம்பிடிப்பதில்லை. உடம்பில் சர்க்கரை எங்கே அதிகம் செலவாகிறது என்பதைப் படம்பிடிக்கிறது.

புற்றுச் செல்கள் குளுக்கோஸை வாரி விழுங்குகின்றன என்பதை 1920-களிலேயே ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்புர்க் கவனித்திருந்தார். அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பசியே துப்பு ஆனது. குளுக்கோஸ் மூலக்கூறில் கதிரியக்க ஃப்ளூரின்-18 அணு ஒன்றைப் பொருத்தினார்கள். செல் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் முதல் படிக்கு மேல் அதைச் செரிக்க முடியாது. எளிதில் வெளியே தள்ளவும் முடியாது. மாட்டிக்கொண்ட அந்தச் சர்க்கரைதான் படத்தில் ஒளிர்வது.

1976 ஆகஸ்டில் இந்த மருந்தை அமெரிக்காவின் லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரித்து, விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோய், முதன்முறையாக மனிதர்களுக்குச் செலுத்தினார்கள். விமானம் பிடிக்கும் அளவுக்கு அவசரம் இருந்தது. ஃப்ளூரின்-18-இன் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். ஸ்கேன் மையத்தில் சொன்ன நேரத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்துவதும் இதனால்தான்.

ஃப்ளூரின் சிதையும்போது ஒரு பாசிட்ரான் வெளிவருகிறது. அது பக்கத்திலுள்ள எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, எதிரெதிர்த் திசைகளில் இரு காமா கதிர்கள் கிளம்புகின்றன. உடம்பைச் சுற்றியிருக்கும் ஸ்கேன் கருவியின் வளையம் இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்து, அவை புறப்பட்ட இடத்தைக் கணிக்கிறது. அந்த இடம் எலும்பா, நுரையீரலா என்பதைச் சிடி காட்டுகிறது.

ஊசிக்கு முன் நான்கு முதல் ஆறு மணி நேரம் பட்டினி. ஊசி போட்டபின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசாமல் அசையாமல் இருக்கவேண்டும். பேசினால் தொண்டைத் தசையும், நடந்தால் கால் தசையும் சர்க்கரையை எடுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். ரத்தச் சர்க்கரை 200-ஐத் தாண்டினால் பல மையங்களில் வேறு நாள் வரச் சொல்லிவிடுவார்கள்.

இனி அந்தப் புள்ளிகளுக்கு வருவோம். மூளை எப்போதும் ஒளிரும். அதற்குச் சர்க்கரைதான் உணவு. மருந்து சிறுநீரில் இறங்குவதால் சிறுநீர்ப்பையும் ஒளிரும். கிருமியோடு போராடும் வெள்ளணுக்களுக்கும் அகோரப் பசி உண்டு. காசநோய் இன்னும் பரவலாக இருக்கும் இந்தியாவில் இது சிறிய விஷயமல்ல. நெஞ்சில் காசநோயால் வீங்கிய நெறிக்கட்டு, பரவிய புற்றுநோயைப் போலவே படத்தில் பளிச்சிடும். சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடிய புள்ளி என்றால், முடிந்தவரை அங்கிருந்து திசு எடுத்துப் பயாப்சி பார்ப்பதுதான் முறை. ஒளிர்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நான்காம் ஸ்டேஜ் என்று யாரும் மனம் உடைந்துவிடக்கூடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சில மில்லிமீட்டர் அளவே உள்ள பரவல் இந்த ஸ்கேனுக்குத் தப்பிவிடும். எங்கும் ஒளிரும் மூளையில் சிறு கட்டி மறைந்துகொள்ளும். அதற்கு எம்ஆர்ஐதான் நல்லது. மெதுவாக வளரும் புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சர்க்கரைப் பசி குறைவு. அந்தச் செல்களின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் வேறொரு மருந்தை அங்கே பயன்படுத்துகிறார்கள். அதே புரதத்தைக் குறிவைத்து கதிரியக்க லுட்டீசியம்-177-ஐ அனுப்பி, கண்டுபிடித்த இடத்திலேயே புற்றைத் தாக்கவும் செய்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது இதுதான்.

ஸ்கேனுக்குப் போகும்போது பழைய படங்களை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். எப்போதாவது காசநோய்க்கு மருந்து சாப்பிட்டிருந்தாலும், அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தாலும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தடுப்பூசி போட்ட கையின் அக்குளில் உள்ள நெறிக்கட்டு சில வாரங்களுக்கு ஒளிரக்கூடும்.