விலை தெரியாத பொருளுக்குத்தான் ஏலம்

ஏலம் என்றால் பொருள் கண்முன்னே இருக்க வேண்டும், சுற்றிக் கூட்டம் நிற்க வேண்டும், 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று கூவ ஓர் ஆள் வேண்டும். இந்த மூன்றும் இல்லாமலே ஏலம் நடத்திக் காசு பார்த்த தளம் ஈபே. 1995 செப்டம்பரில், கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் பியர் ஒமிடியார் என்ற மென்பொருள் பொறியாளர் 'ஆக்‌ஷன்வெப்' என்ற பெயரில் இதைத் தொடங்கினார். முதலில் விலைபோனது ஓர் உடைந்த லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு. (பெஸ் மிட்டாய் டப்பா சேகரித்த வருங்கால மனைவிக்காகத் தொடங்கினார் என்று இன்றும் சொல்வார்கள். அது நிருபர்களுக்காகக் கம்பெனி ஜோடித்த கதை.)

ஆரம்பத்தில் எல்லாம் இலவசம். இணைய இணைப்பு தந்த நிறுவனம் மாதம் 250 டாலர் கட்டச் சொன்னதும், ஒமிடியார் விற்றவர்களிடம் சிறு கமிஷன் கேட்டார். சிலர் சில்லறைக் காசை அட்டையில் ஒட்டித் தபாலில் அனுப்பினார்கள்! கிடங்கு இல்லை, சரக்கு இல்லை, லாரி இல்லை. விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்த தரகு மட்டுமே வருமானம்.

கூவும் ஆளின் வேலையை நிரல் பார்த்தது. ஒரு பழைய நாணயத்துக்கு நீங்கள் அதிகபட்சம் 100 டாலர் தரத் தயார் என்று வையுங்கள். அதைத் தளத்திடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். இன்னொருவர் 60 வரை கேட்டால், தளம் உங்கள் சார்பில் 61 கேட்டு நிற்கும். அதாவது, வெல்பவர் தன் உச்சவரம்பைத் தருவதில்லை. அடுத்தவரின் உச்சவரம்புக்குச் சற்று மேலே தருகிறார். வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-லேயே அலசிய இரண்டாம் விலை ஏலத்துக்கு இது நெருங்கிய சொந்தம். ஆனால் குறித்த நேரத்தில் ஏலம் முடிந்துவிடும் என்பதால், கடைசிச் சில விநாடியில் பாய்ந்து கேட்கும் கூட்டமும் உருவானது. அன்றைய அமேசான் ஏலத்தில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் முடிவு தள்ளிப்போகும். அங்கே இந்தப் பாய்ச்சல் குறைவு.

சேகரிப்பாளர்கள்தான் தளத்தை வளர்த்தார்கள். 1990களின் இறுதியில் 'பீனி பேபீஸ்' பொம்மைகள் பறந்தன. உற்பத்தி நின்ற பொம்மைக்கு என்ன விலை என்று யாருக்கும் தெரியாது. ஏலம்தான் விலையைச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், அந்த வெற்றியே ஏலத்துக்கு வினையாயிற்று. விற்ற விலைகள் லட்சக்கணக்கில் தளத்திலேயே பதிவாக, எந்தப் பொருள் எவ்வளவு போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. பிறகு எதற்கு ஒரு வாரம் காத்திருப்பது? 2000-ல் 'உடனே வாங்கு' பொத்தான் வந்தது; அடுத்த பத்தாண்டுகளில் நிர்ணய விலை விற்பனை ஏலத்தை ஓரங்கட்டியது.

வருமானமும் திசை மாறியது. பணப் பரிமாற்றத்துக்காக 2002-ல் பேபாலை வாங்கி, 2015-ல் தனியே பிரித்துவிட்டார்கள். பொருளை முன்னே காட்ட விற்பவரிடம் விளம்பரக் கட்டணம் வாங்குகிறார்கள். பிரிட்டனில் 2024-ல் தனிநபர் விற்பனைக்குக் கமிஷனையே நீக்கினார்கள். மறு ஆண்டே அங்கே வாங்குபவர் தலையில் ஒரு கட்டணம் விழுந்தது.

எனக்குப் பெரிய மாற்றமாகப் படுவது வேறு. பொருளைத் தொடாமலே பிழைத்த நிறுவனம் இப்போது அதைத் தொட்டுப் பார்க்கிறது. விலையுயர்ந்த கைக்கடிகாரம், ஸ்னீக்கர், விளையாட்டு வீரர் படம் போட்ட சேகரிப்பு அட்டை போன்றவை விற்றவரிடமிருந்து நேரே உங்களிடம் வராது. நிபுணர்கள் அசலா போலியா என்று பரிசோதித்த பிறகே வரும். முன்பு விலை கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் இப்போது நம்பிக்கையை விற்கிறார்கள். அபூர்வ அட்டைகளுக்கு மட்டும் ஏலம் இன்னும் சூடாகத்தான் நடக்கிறது. அதற்கென்றே பெயர்பெற்ற 'கோல்டின்' ஏல நிறுவனத்தை 2024-ல் ஈபே வாங்கியது.

இந்தியாவில் ஈபே 2018-லேயே கடையைக் கட்டிவிட்டது. ஆனாலும் வீட்டில் பழைய தபால்தலையோ நாணயமோ இருந்தால், ஈபேயில் மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். விற்று முடிந்தவற்றின் பட்டியலைத் தேடிப் பாருங்கள். உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது.